கல்யாண செட்டிங்

அவருக்கென்று அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. வங்கிப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எப்போது போய்க் கேட்டாலும் "ரெண்டர் ஆகிட்டிருக்கு" என்று ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி, தெருவில் அவர் ரெண்டர்காரர் ஆகிவிட்டார். வெட்டி ஒட்டிய வீடியோத் துண்டுகளைக் கம்ப்யூட்டர் கடைசியில் ஒரே படமாக ஆக்கித் தருவதற்குத்தான் ரெண்டர் என்று பேர். அடுப்பில் வைத்த பருப்பு மாதிரி, அது வேகிற நேரத்துக்குத்தான் வேகும். அதுவரை அவர் டீ குடிப்பார். "எங்க வீட்டுக்காரர் ஆயுசுல பாதி டீ, பாதி ரெண்டர்" என்பாள் அவர் மனைவி. அவர் அதை மறுத்ததில்லை.

முன்னறை கடை. பின்னால் இரண்டு அறை வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை. மழைக்காலத்தில் துணி காயாது என்பதால் கடைக்குள்ளும் ஒரு கொடி கட்டியிருந்தாள். கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தால் தலைக்கு மேல் தலையணை உறை தொங்கும். தொழில் சுத்தமாக இருந்ததால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

தொழிலில் அவருக்கு ஒரு வைராக்கியம் உண்டு. படம் கண்ணாடி மாதிரித் தெரிய வேண்டும், ஓடும்போது எங்கேயும் திக்கக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாமியார் மருமகள். ஒன்றுக்கு இடம் கொடுத்தால் மற்றது முறுக்கிக்கொள்ளும்.

"நல்லா பெரிய சைஸா போட்டுக் குடுங்க. செலவப் பத்திக் கவலைப்படாதீங்க" என்பார் பெண்ணைப் பெற்ற ஒருவர்.

"பெருசா போட்டா உங்க போனு மூச்சு வாங்கும் சார். மாப்பிள்ளை நடந்து வர்றதுக்குள்ள சாப்பாடு முடிஞ்சிடும்."

"அப்ப சின்னதா?"

"சின்னதா போட்டா மாப்பிள்ளை மூஞ்சி கட்டங்கட்டமா உடையும். எங்க கொஞ்சம் குடுக்கணும், எங்க கொஞ்சம் இழுத்துப் பிடிக்கணும்னு ஒண்ணு இருக்கு. அத எங்கிட்ட விடுங்க."

ஆறு வருஷம் போட்டுப் போட்டுப் பார்த்து, அந்த 'ஒண்ணை' அவர் கண்டுபிடித்திருந்தார். கம்ப்யூட்டரில் அத்தனை அளவுகளையும் ஒரே பொத்தானாகச் சேர்த்து வைத்து, அதற்குக் 'கல்யாணம்' என்று பெயர் கொடுத்திருந்தார். அதை அமுக்கினால் போதும். படத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு இரண்டாம் முறைதான் எழுதும். ஆட்டம் அதிகமுள்ள இடத்துக்கு அதிகமாகவும், சும்மா நிற்கிற சுவருக்குக் குறைவாகவும் கொடுக்கும். இருண்ட மூலைகளை வெளுக்கும். கடைசியாக ஓட்டம். கேமரா நொடிக்கு இருபத்தைந்து படம் எடுத்திருந்தால், நடுவே என்ன இருந்திருக்கும் என்று அதுவாக ஊகித்து, இல்லாத படங்களை நிரப்பி அறுபதாக்கும். தூவுகிற பூ மிதந்து மிதந்து விழுவது அதனால்தான். பெண் வீட்டார் அழுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் அவருடைய மச்சினன்.

மனைவிக்கு ஒரே தம்பி. அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வெட்டும் பிரஸ்ஸில் வேலை. அது பழைய மிஷின். ஒருவர் அட்டையை உள்ளே வைத்துச் சரிசெய்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். இன்னொருவர் அதைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கியதும் மேலே சிவப்பு விளக்கு எரியும், பிரஸ் இறங்கும். பதினொரு வருஷமாகப் பொத்தானை அமுக்கிவருகிற அம்மாளுக்கு அங்கே பட்டனக்கா என்றே பெயர். ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் முறை இரண்டு பேரும் இதைச் செய்வார்கள். மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு முறை தப்பிப் போயிற்று. மச்சினனுடைய வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்காள் வீட்டுக்கு வந்தான். பின்னறைக் கட்டிலில் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி கிடந்தான். அக்காள் சோற்றைப் பிசைந்து ஸ்பூனில் கொடுத்தால், "இடது கை இருக்குல்லக்கா, குடு" என்று வாங்கி, பாதியைச் சட்டையில் சிந்திக்கொண்டு தின்றான்.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நீ கையை எடுக்கவில்லையா, அந்த அம்மா அவசரப்பட்டுவிட்டதா?

"தெரியலை" என்பான் அவன்.

"அது எப்படிடா தெரியாம போகும்?"

"தெரியலைன்னா தெரியலைதான். அட்டை கோணலா இருந்துச்சு. தட்டி விட்டேன். அப்புறம் கத்திக்கிட்டிருந்தேன். நடுவுல ஒண்ணும் இல்லை."

ஆனால் நடுவில்தான் எல்லாமும் இருந்தது. கம்பெனியில் விசாரணை வைத்திருந்தார்கள். தப்பு அவனுடையது என்றால் ஆஸ்பத்திரிச் செலவோடு சரி, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பட்டனக்காவுடையது என்றால் அவர் வீட்டுக்குப் போவார், இவனுக்கு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற நிரந்தர வேலை கிடைக்கும். இரண்டில் ஒன்று. அந்த அம்மா முதல் நாளே, "கை வெளிய வந்தப்புறம்தான் அமுக்கினேன். மறுபடி எப்படி உள்ள போச்சுன்னு தெரியலை" என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

சட்டப்படி கேமராப் பதிவின் நகல் ஒன்று வீட்டுக்கு வந்தது. எந்தப் போனிலும் அது ஓடவில்லை.

"என்னங்க, ஊர்ப்பட்ட கல்யாணத்தையெல்லாம் ஓட வைக்கிறீங்க, இத ஓட வைக்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

அன்று கடையில் மூன்று வேலை தேங்கிக் கிடந்தது. நாளைக்குத் தர வேண்டியது ஒன்று, நேற்றே தந்திருக்க வேண்டியது இரண்டு. அவர் அந்தப் பதிவை வரிசையில் நாலாவதாகச் சேர்த்தார். கைப்பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் அமுக்குகிறதையே அதற்கும் அமுக்கினார். கல்யாணம். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

சாயந்திரம் அக்காளும் தம்பியும் கடைக்குள் வந்து பார்த்தார்கள். படம் பிரமாதமாக வந்திருந்தது. மூலையெல்லாம் வெளுத்து, பிரஸ்ஸின் இரும்பு மினுமினுத்தது. மச்சினனுடைய கை அட்டையை நோக்கி வழுக்கிக்கொண்டு போயிற்று. கை உள்ளே நுழைந்து, அட்டையைத் தொட்டு, அதற்குப் பிறகுதான் விளக்குச் சிவந்தது. பட்டனக்காவின் கை அதோடு சேர்ந்து இறங்கியது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"பாவி" என்றாள் மனைவி. "கை உள்ள இருக்குறது தெரியுதே. பாத்துக்கிட்டே அமுக்குறாளே!"

மச்சினன் திரைக்கு இன்னும் கிட்டே வந்தான். "இன்னொரு தடவை போடுங்க மாமா" என்றான். பிறகு இன்னொரு தடவை.

அன்றைக்கே அது அவன் போனுக்குப் போயிற்று. அவனிடமிருந்து தொழிற்சாலைச் சிநேகிதர்களுக்கு, அங்கிருந்து எல்லாருக்கும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மூன்றாம் நாள் கேன்டீனில் பட்டனக்காவோடு ஒரே மேசையில் உட்கார ஆளில்லை என்று செய்தி வந்தது. அதே செய்தியோடு, கம்பெனியும் விசாரணைக்கு இந்த நகலையே போட்டுக் காட்டப் போகிறது, அவர்களிடம் இருப்பதைவிட இது தெளிவாக இருக்கிறதாம் என்பதும் வந்தது. ரெண்டர்காரருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு மனைவி, "அந்த இடத்த மட்டும் ஒரு போட்டோவா பிரிண்ட் போட்டுக் குடுங்க. கை உள்ள, விளக்கு அணைஞ்சு. கையில இருந்தா தைரியமா இருக்கும்" என்றாள்.

காலையில் கடையைத் திறந்ததும் அதைத்தான் எடுத்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். கை வெளியே. கை விளிம்பில். கை உள்ளே. விளக்கைப் பார்த்தார். விளக்கு பாதி எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த படத்துக்குத் தள்ளினார். முக்கால் எரிந்தது. பின்னால் தள்ளினார். கால்.

விளக்கு ஒன்று எரியும், இல்லை அணைந்திருக்கும். கால் விளக்கு, அரை விளக்கு என்று உலகத்தில் இல்லை. கம்பெனி கொடுத்த மூலப் பதிவைத் தேடி எடுத்து, அதன் கணக்கைப் பார்த்தார். நொடிக்கு நாலு படம். இடம் மிச்சம் பிடிக்கக் கேமராவை அப்படி வைத்திருந்தார்கள். அதைத்தான் இவருடைய பொத்தான் அறுபதாக்கியிருந்தது. நாலு நிஜம், ஐம்பத்தாறு ஊகம்.

அந்த இடத்தில் நிஜமாக இருந்தவை இரண்டே படங்கள். முதலாவதில் மச்சினன் கை வெளியே, பட்டனக்காவின் கை பொத்தானுக்கு மேலே, விளக்கு அணைந்திருக்கிறது. இரண்டாவதில் கை உள்ளே, பொத்தான் அமுங்கியிருக்கிறது, விளக்கு எரிகிறது. அந்தக் கால் நொடிக்குள் எது முந்தியது, எது பிந்தியது என்று எந்த மிஷினும் பார்க்கவில்லை. அவருடைய மிஷின்தான் கையை நிதானமாக நகர்த்தி, விளக்கை மெல்ல ஏற்றி, பூத்தூவுகிற மாதிரி அழகாகச் செய்து கொடுத்திருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகியிருந்தால்கூடப் பரவாயில்லை. இது பிள்ளையார் மாதிரியே அல்லவா இருந்தது.

பிரிண்ட் போடவில்லை. அடுப்படிக்குப் போய் மனைவியிடம் மென்று முழுங்கிச் சொன்னார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"நீங்களா வரைஞ்சீங்க?"

"நான் வரையலை. மிஷின் ஊகிக்குது."

"மிஷினுக்கு யாரு மேலயும் பகை இருக்கா?"

"இல்லை."

"அப்புறம் என்ன? பகை இல்லாத சாட்சி. அது ஊகிச்சதுதான் நடந்திருக்கும்."

"நடந்திருக்கலாம். நடக்காமயும் இருந்திருக்கலாம். அதுக்குத் தெரியாதும்மா. ரெண்டு புள்ளிக்கு நடுவுல கோடு போடத்தான் அதுக்குத் தெரியும்."

அவள் கத்தியை வைத்தாள். "அவனுக்கு இருபத்தேழு வயசு. ரெண்டு விரலை வச்சுக்கிட்டு எந்த மிஷின்ல நிக்கப் போறான்? யார் பொண்ணு குடுப்பா? உங்க கோடு நல்லாத்தான் போயிருக்கு. அத நீங்களா ஏன் அழிக்கணும்?"

"அந்த அம்மாவுக்கும் வீடு இருக்கும்ல?"

"இருக்கட்டும். அதப் பத்தி அவங்க வீட்டுக்காரர் கவலைப்படட்டும்." கண் கலங்கியிருந்தது. வெங்காயமா வேறா என்று அவர் கேட்கவில்லை. "அவங்களா கேட்டா சொல்லுங்க. கேக்காம நீங்களா வாயத் திறக்காதீங்க. இத ஒண்ணுதான் கேக்குறேன்."

அவர் சரி என்றார். அந்தச் சரியைச் சொன்னதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் மச்சினனிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. மத்தியானம் டீயை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய் பாதி எரிகிற விளக்கைப் பற்றியும் மிஷின் போட்ட கோட்டைப் பற்றியும் சொன்னார். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"சரி மாமா. படம் பொய்யாவே இருக்கட்டும். எனக்குத்தான் ஞாபகம் வந்துடுச்சே."

"என்ன ஞாபகம்?"

"எல்லாம். கை உள்ள போனது. அட்டை சில்லுனு இருந்தது. விளக்கு எரியல. பட்டனக்கா என்னைப் பாத்துச்சு. பாத்துட்டு அமுக்குச்சு."

"நீ முன்னாடி தெரியலைன்னு சொன்னியே மச்சான்."

"அப்ப வலியில இருந்தேன். இப்பத் தெளிஞ்சிடுச்சு. கம்பெனிக்கு எழுதியும் குடுத்துட்டேன்."

"அந்தம்மா உன்னைப் பாத்ததுன்னு சொல்றியே, படத்துல அவங்க முதுகுதான தெரியுது?"

"படத்துல இல்லைன்னா? நான் அங்க இருந்தேன் மாமா. நீங்க இங்க டீ குடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

டீ ஆறியதுதான் மிச்சம். பொய் சொல்கிறவனாக இருந்தால் சண்டை போடலாம். இவன் சத்தியமாக நம்பினான். இவனுக்குள் அந்த ஞாபகத்தை வைத்தது தன்னுடைய பொத்தான் என்று நினைத்தபோது, விரல் போனதைவிட இது பெரிய சேதமாக அவருக்குத் தோன்றியது.

விசாரணை தொழிற்சாலையின் மாடியறையில் நடந்தது. நீள மேசை, சுவரில் பெரிய திரை, கீழே பிரஸ்கள் இறங்குகிற அதிர்வில் தண்ணீர்க் குவளைகள் லேசாக நடுங்கின. விசாரணை அதிகாரிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மடித்து மடித்து மூக்கைத் துடைத்தபடி பேசினார். ஒரு பக்கம் மானேஜர். எதிரே மச்சினனும் ரெண்டர்காரரும். மேசைக்கோடியில் பட்டனக்கா. ஐம்பதை நெருங்குகிறவர், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். மனைவி வெளியே வராந்தாவில் இருந்தாள். உள்ளே ஒருவர்தான் துணைக்கு வரலாம்.

படத்தைப் போட்டார்கள். பெரிய திரையில் அது இன்னும் அழகாக இருந்தது. கை வழுக்கிப் போயிற்று, விளக்குச் சிவந்தது.

அதிகாரி, "இதப் பத்தி யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

யாரும் கேட்கவில்லை. ரெண்டர்காரர் சட்டைப்பையிலிருந்த பென் டிரைவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூலப் பதிவு அதில் இருந்தது. அவரை எவரும் எதுவும் கேட்கவில்லை.

"அம்மா, நீங்க முதல்ல எழுதிக் குடுத்தது வேற மாதிரி இருக்கு. கை வெளிய வந்தப்புறம் அமுக்கினதா எழுதியிருக்கீங்க" என்றார் அதிகாரி.

"தப்பா எழுதிட்டேங்க" என்றார் பட்டனக்கா. "அப்ப அப்படித்தான் நினைச்சேன். இதப் பாத்தப்புறம்தான் எல்லாம் ஞாபகம் வருது. கை உள்ளதான் இருந்துச்சு. நான்தான் அமுக்கினேன். என்னை அனுப்பிடுங்க. அந்தப் புள்ளைக்கு வேலை போட்டுக் குடுங்க."

மானேஜர் பெருமூச்சு விட்டார். காரியம் சுலபமாக முடிந்ததே என்ற பெருமூச்சு. அதிகாரி பேனாவை எடுத்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று எழுந்து நின்றார் ரெண்டர்காரர். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டோம் என்று தெரிந்தது. மச்சினன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவர் உட்காரவில்லை. "அந்தப் படத்த நான்தான் போட்டேன். அதுல பாதிக்கு மேல மிஷின் கற்பனை. நிஜமான பதிவு இதுல இருக்கு."

போட்டுப் பார்த்தார்கள். மங்கலாக, விட்டு விட்டுத் திக்கிக்கொண்டு ஓடியது. முதல் படம், இரண்டாம் படம், அவ்வளவுதான்.

"என்னங்க இது, நொண்டிக்கிட்டு ஓடுது? அதுதான் தெளிவா இருக்கே!" என்றார் அதிகாரி.

"தெளிவா இருக்குறதுதாங்க தப்பு. விளக்கைப் பாருங்க. விளக்கு பாதி எரியுமா?" என்று தான் செய்த படத்தை மறுபடி போட்டு, தள்ளித் தள்ளிக் காட்டினார். கால், அரை, முக்கால். "கல்யாணத்துக்குப் பூப் போடுறப்ப வைக்கிற செட்டிங் இது. தெரியாம இதுக்கும் வச்சுட்டேன். என் தப்பு."

அதிகாரி மூக்கைத் துடைக்க மறந்துபோனார். மானேஜர், "அப்ப எது முதல்ல நடந்துச்சு?" என்றார்.

"தெரியாதுங்க. கேமரா பாக்கலை."

"படம் எப்படியோ போகட்டும் சார்" என்றார் பட்டனக்கா. "எனக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கே. அந்தத் தம்பி 'இருங்கக்கா, இருங்கக்கா'ன்னு கத்துச்சு. ரெண்டு தடவை. என் காதுல விழுந்துச்சு. விழுந்தும் கையெடுக்கலை நான்." சொல்லிவிட்டு உடைந்து அழுதார்.

மச்சினன் அவரையே பார்த்தான்.

"நான் கத்தலையேக்கா" என்றான்.

"கத்துனே தம்பி. இப்பவும் கேக்குது."

"அக்கா, ரெண்டு பேரும் காதுல அடைப்பான் வச்சிருந்தோம். பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. எப்படிக் கேட்டிருக்கும்?"

"கேட்டுச்சுப்பா. சத்தியமா."

கீழே பிரஸ் ஒன்று இறங்கி ஏறியது. மச்சினன் கட்டுப்போட்ட தன் கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். அங்கே பாதி எரிகிற விளக்கோடு படம் நின்றுபோயிருந்தது. அவன் முகம் மெல்ல மெல்ல வெளிறியதை ரெண்டர்காரர் பக்கத்திலிருந்து பார்த்தார்.

"சார்" என்றான். "அக்கா என்னைப் பாத்துட்டு அமுக்கினதா நான் எழுதிக் குடுத்திருக்கேன்ல. அத அடிச்சிடுங்க."

"பாக்கலைன்னு எழுதணுமா?"

"இல்லை. தெரியலைன்னு எழுதுங்க. அக்கா சொன்னதயும் எழுதாதீங்க. அவங்களுக்கும் தெரியாது."

"யோசிச்சுச் சொல்லுப்பா" என்றார் மானேஜர். "தெரியலைன்னு எழுதினா ரெண்டு பேருக்கும் இப்போதைக்கு வேலை இல்லை. தலைமை ஆபீசுக்குப் போகும். ஆறு மாசமோ, ஒரு வருஷமோ."

"யோசிச்சுட்டேன்."

அதிகாரி எழுதினார். மெதுவாக எழுதி, ஒருமுறை உரக்கப் படித்தார். கால் நொடியில் நடந்தது எது என்று இருவருக்கும் தெரியவில்லை, கேமராவிலும் பதிவாகவில்லை என்று இருந்தது. தாளை மச்சினன் பக்கம் நகர்த்தினார்.

அவன் இடது கையில் பேனாவை வாங்கினான். முதல் எழுத்தை இழுத்ததுமே தாள் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அழுத்திப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். ரெண்டர்காரர் கையை நீட்டுவதற்குள், பட்டனக்கா நாற்காலியை விட்டு எழுந்து மேசையைச் சுற்றி வந்துவிட்டார். கண்ணைத் துடைக்காமலேயே தாளின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தார்.

"போடு தம்பி" என்றார்.

பழக்கமில்லாத கை. எழுத்து எழுத்தாக அவன் பெயரைப் போட்டு முடிக்க வெகுநேரம் பிடித்தது. அதுவரை அவர் கையை எடுக்கவில்லை.